வேலுவும் ஷண்டிங்கும்

அல்வால்,
செகந்திராபாத்,
9 ஜூன் 2025

ஸ்டெல்லா அக்கா,

என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது. மாமா போனிலும் வர மாட்டாய் என்று மாமாவே சொல்லிவிட்டார். சரி. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். எனக்கு உன்னிடம் ஒரு வேலை ஆக வேண்டும்.

வேலு அண்ணன் இன்னும் கிடைக்கவில்லை. ஷண்டிங் மட்டும் திரும்பி வந்துவிட்டது. கழுத்துப் பட்டை இல்லை. ஒரு காலை நொண்டுகிறது. அண்ணன் போனபோது நாயையும் கூட்டிக்கொண்டுதான் போனான். அது எங்கே அவனை விட்டுப் பிரிந்தது என்று நாயிடம் கேட்க முடியாது.

போலீஸ் ஸ்டேஷனில் முதல் கேள்வியே போட்டோதான். "போட்டோ லேதா? மரி எட்லா வெதுகேதி?" என்றார் ஏட்டு. போட்டோ இல்லாமல் எப்படித் தேடுவதாம். வீட்டில் இருந்த தன் படங்களை எல்லாம் அண்ணன் தானே எரித்த கதையை அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? மிச்சம் இருப்பது ஐ.டி.ஐ.யில் சேர்ந்தபோது எடுத்த ஸ்டாம்ப் சைஸ் படம். மீசைகூட முளைக்காத பையன். அதைக் கம்ப்யூட்டரில் போட்டு வயதை ஏற்றிப் பார்த்தேன். பற்பசை விளம்பரத்தில் சிரிக்கிற எவனோ வந்தான்.

ஆகவே வரையப் போகிறேன். சிரிக்காதே. பம்பு உறைகளைக் கம்ப்யூட்டரில் வரைந்துதான் எனக்குச் சம்பளம். முகமும் ஒரு வடிவம்தான். யூடியூபில் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். அண்ணனைத் தனியாக யாரும் பார்த்ததில்லை, தெருவில் அவனுக்கு 'குத்தாவாலா', நாய்க்காரன், என்றுதான் பெயர். எனவே ஆளும் நாயும் சேர்ந்த படம். நாய் எதிரில் இருக்கிறது, பார்த்து வரையலாம். ஆளுக்கு நீ வேண்டும். ஈஸ்டருக்கு வந்தபோது அவன் தாடியைக் கத்தரித்துவிட்டவள் நீ. நானும் அம்மாவும் அவன் முகத்தைப் பார்க்காமலே பேசப் பழகியவர்கள். பார்த்தால்தான் கத்துவானே.

முதல் படம் இத்துடன். சிவப்பு மையால் திருத்தி உடனே அனுப்பு.

கோபி


போத்தனூர்,
14 ஜூன் 2025

கோபி,

'உடனே'வுக்கு அடிக்கோடு வேறு. மேஸ்திரி ஆள் அனுப்பச் சொல்லி எழுதுகிற மாதிரி இருக்கிறது உன் கடிதம்.

படத்தைப் பார்த்தேன். என் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இதைவிட நன்றாகப் போடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் ஸ்கேல் வைத்து மூக்குப் போட மாட்டார்கள், அவ்வளவுதான். நாய் என்று நீ போட்டிருப்பதற்குக் கொம்பு வைத்தால் ஆடு. வேலுவின் இடது கண் வலதைவிடக் கொஞ்சம் சிறிது. புருவம் நடுவில் சேராது. கீழுதட்டை எப்போதும் உள்ளே இழுத்துப் பிடித்திருப்பான். முடி வெட்டும்போது தொட்டுத் தெரிந்துகொண்டது இன்னொன்று: காதுக்கு முன்னால் எலும்பு துருத்தி, அதற்குக் கீழே குழி. எல்லாம் சிவப்பில் குறித்திருக்கிறேன்.

இனி என் கேள்வி. அன்றைக்கு என்ன நடந்தது? அம்மா "நான் குளிச்சிட்டிருந்தேம்மா" என்கிறாள். நீ இவரிடம் "சும்மா கிளம்பிப் போயிட்டான் மாமா" என்றாயாம். வேலு சும்மா போகிறவன் இல்லை. வாசல் தாண்டவே ஷண்டிங் பண்ணுகிற ரயில் எஞ்சின் மாதிரி நாலடி முன்னே நாலடி பின்னே போகிறவன். அதைப் பார்த்துத்தானே நாய்க்கே அந்தப் பெயர் வைத்தார் அப்பா.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்று நான் அழுதபோது, "நான் பாத்துக்கறேன், நீ போத்தனூர்ல உக்காந்துகிட்டு யோசனை சொல்லாத" என்றாய். பார்த்துக்கொண்டாயா? அதை எழுது. இல்லாவிட்டால் அடுத்த படத்தைத் திருத்த மாட்டேன்.

ஸ்டெல்லா


அல்வால்,
18 ஜூன் 2025

அக்கா,

நடந்தது இதுதான். வீட்டிலிருந்து வேலை. கச்சிபௌலி ஆபீஸும் வெளிநாட்டு வாடிக்கையாளரும் வீடியோவில் இருக்கிறார்கள். எனக்குப் பின்னால் கொடியில் துணி தொங்குவது தெரியக் கூடாது என்று பின்னணியை மங்கலாக்கி வைத்திருந்தேன். அண்ணன் நாயைக் கூட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றான். திரையில் தன்னைப் பார்த்துவிட்டான். அதுவும் முழுசாக இல்லை. அந்த மென்பொருளுக்கு நான் மட்டும்தான் ஆள், மற்றதெல்லாம் சுவர். அவன் முகத்தை அது குழைத்துக் கரைத்தது. கண் கொஞ்சம் தெரிகிறது, மறுபடி அழிகிறது. "என் மூஞ்சிய என்னடா பண்ற?" என்றான். நான் மைக்கை அணைத்துவிட்டு, "அந்தப் பக்கம் போண்ணா, வேலையா இருக்கேன்ல" என்று கத்தினேன். போய்விட்டான். நான் சொன்ன அந்தப் பக்கம் சமையலறை. அவன் தெருவுக்குப் போய்விட்டான்.

அழைப்பின் பதிவைக் கம்பெனியிலிருந்து எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். என் முகம் எண்ணெய் வழிவதுகூடத் தெரிகிறது. அண்ணன் ஒரு சாம்பல் கறை. போதுமா? இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது படம் வைத்திருக்கிறேன். பென்சிலை விட்டுவிட்டு அக்ரிலிக் வண்ணத்துக்கு வந்துவிட்டேன். சீக்கிரம் காய்கிறது, என் அவசரத்துக்குச் சரி. நாய் தேறிவிட்டது. ரோமத்தை ஒவ்வொன்றாகப் போட்டதுதான் தப்பு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நாய் என்பது மூன்று பெரிய இருட்டு: காதுக்குள், கழுத்துக்குக் கீழே, வயிற்றடியில். அவற்றை முதலில் பூசிவிட்டு வெளிச்சம் படும் ஓரத்தில் மட்டும் ரோமம் இழுத்தால் நாய் வந்துவிடுகிறது. மூக்கில் ஈரத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. ஷண்டிங் அதைப் பார்த்துக் குரைத்தது.

முகத்துக்கும் முறையை மாற்றிவிட்டேன். எங்கள் வேலையில் புதுப் பாகத்தை யாரும் ஒன்றுமில்லாததிலிருந்து வரைவதில்லை. அதே குடும்பத்துப் பாகம் ஒன்றை எடுத்து அளவை மாற்றுவோம். அண்ணனும் நானும் ஒரே எலும்பு. ஆகவே கண்ணாடியை வைத்து என் முகத்தைப் போட்டேன். கன்னத்தைக் குழிய வைத்தேன், தாடி சேர்த்தேன், நீ சொன்ன கண், நீ சொன்ன உதடு. நீயே அசந்துபோவாய். அம்மா மட்டும், "நல்லாத்தான்டா இருக்கு, ஆனா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும்.

உன் திருத்தத்துக்குக் காத்திருக்க நேரமில்லை. அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

கோபி


அல்வால்,
24 ஜூன் 2025

அக்கா,

உன் பதில் வரவில்லை. வரும்வரை பொறுக்க முடியவில்லை.

போஸ்டர் ஒட்டினேன். அல்வால், லோத்துகுண்டா, திருமலகிரி. ஷண்டிங்கையும் கூட்டிக்கொண்டு போனேன், எங்காவது மோப்பம் பிடிக்காதா என்று. ஒட்டத் தொடங்கியவுடனே போன். "பாய், ஆப்கா ஆத்மி இதரிச் ஹை! குத்தா பீ சாத் மே ஹை!" உங்கள் ஆள் இங்கேயே இருக்கிறான், நாயும் கூட இருக்கிறது என்கிறான். எனக்குப் பசை வாளி கையிலிருந்து விழுந்துவிட்டது. எங்கே என்று கேட்டேன். லோத்துகுண்டாவில் மருந்துக்கடை எதிரே என்றான். நான் நின்ற இடமே அதுதான். அண்ணன் எனக்குப் பின்னால் நிற்கிறான் என்று நினைத்தேன், அக்கா. சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துச் சொல்கிறான்: "ஹவ், ஹவ், வஹிச்! அபீ போஸ்டர் சிப்காரா!"

அவனேதான் என்று அவன் சொன்னது என்னைத்தான். போஸ்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்பதும் என்னைத்தான்.

திருமலகிரியில் இன்னும் மோசம். டீக்கடையில் இரண்டு பேர் என்னைப் பிடித்து உட்கார வைத்து, "மீவாள்ளு வெதுகுதுன்னாரு அன்னா, இன்ட்டிக்கி போ" என்றார்கள். வீட்டில் தேடுகிறார்களாம், வீட்டுக்குப் போக வேண்டுமாம். நான் தாடி வைக்கவில்லை என்றேன். "எடுத்துட்டிருப்பீங்க" என்றார்கள். தேடுவதே நான்தான் என்று கத்தினேன். கத்தியதும் அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. டீக்குக் காசு வாங்கவில்லை.

இதை நீ சிரித்துக்கொண்டே படிக்கலாம். அடுத்ததைப் படிக்கும்போது சிரிக்க முடியாது.

நேற்று ஏட்டு கூப்பிட்டார். அடையாளம் தெரியாத உடல் ஒன்று வந்திருக்கிறது, போஸ்டரோடு ஒத்துப்போகிறது என்றார். அம்மாவிடம் ஆபீஸ் என்று சொல்லிவிட்டுப் போனேன். துணியை விலக்கினார்கள். ஒத்துத்தான் போனது. அதே தாடை, அதே மூக்கு, ஒட்டிய கன்னம். என்னைப் படுக்க வைத்துத் தாடி ஒட்டிய மாதிரி. அண்ணன் இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. "எப்படித் தெரியும்?" என்றார் ஏட்டு. "போஸ்டர் மாதிரியே இருக்கான் சார், அதனாலதான்" என்றேன். அவர் என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

என் போஸ்டர் தப்பு. எங்கே தப்பு என்று தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்தவன் நான், அவன் முகத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவும் நீ சொன்ன நாலு வரி. கண்ணை மூடினால் அந்தச் சாம்பல் கறைதான் வருகிறது. இனி என்ன செய்வது என்று தெரியவில்லை அக்கா. எனக்கு அப்படி எழுதிப் பழக்கமில்லை. எழுதிவிட்டேன்.

கோபி


போத்தனூர்,
28 ஜூன் 2025

கோபி,

உன் இரண்டு கடிதமும் படமும் ஒன்றாகவே கையில் கிடைத்தன. முதலில் படத்தைத்தான் பிரித்தேன். உனக்கு எதற்கடா தாடி என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பிறகு கடிதத்தைப் படித்தேன். லோத்துகுண்டாவில் சிரித்தேன். பிணவறைக்கு வந்ததும் இவர் கடிதத்தை வாங்கி வைத்துவிட்டார்.

முட்டாள். நீ அப்பா அச்சு. பெருமாள் மகன் என்று உன்னைத்தான் சொல்வார்கள். வேலுவை யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் எல்லோரும் அவனை "லூர்துமேரி பையன்" என்பார்கள். மூக்கு, கன்னம், காதோரத்துக் குழி எல்லாம் அம்மா. தாடிக்குள்ளே இருப்பது அம்மா முகம்தான். உனக்கு வேண்டிய பாகம் உன் வீட்டிலேயே இருக்கிறது. அதற்குக் கண்ணாடி மாற்றலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

அந்த வீடியோ விஷயம். அவனுக்கு வெகுநாளாக இருந்த பயமே அதுதான், தன் முகத்தை யாரோ அழிக்கிறார்கள் என்று. அதை உன் கம்ப்யூட்டர் அவனுக்குக் கண்ணெதிரே செய்து காட்டியிருக்கிறது. படித்துவிட்டு அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. உன்னைத் திட்ட எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

அம்மாவை உட்கார வை.

ஸ்டெல்லா


அல்வால்,
4 ஜூலை 2025

அக்கா,

உட்கார வைத்தேன். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலி, வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம். ஷண்டிங் அவள் முழங்காலில் சாய்ந்துகொண்டது. அம்மாவின் பேச்சை அப்படியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் நம்ப மாட்டாய்.

"என்னை எதுக்குடா போடற? அவனைப் போடு."

"அவனைத்தாம்மா போடறேன். நீ ஆடாத."

"சேலையோடயா?"

"கழுத்துக்கு மேல மட்டும்மா."

"அப்ப எனக்குத் தாடி வெக்கப்போற. நக்கோடா, வேணாம், எங்கப்பனுக்கே தாடி கிடையாது."

பேசிக்கொண்டே இருந்தாள். நான் தாடையை மூன்று தடவை அழித்துப் போட்டேன். பிறகு நாய் தலையைத் தூக்கி அவள் கையை நக்கியது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள், பேச்சு நின்றது. கீழுதடு உள்ளே போனது. அக்கா, அது வேலு. நாயைப் பார்க்கும்போது அவன் முகம் அப்படித்தான் இருக்கும். எனக்கு அது தெரிந்திருக்கிறது. அவன் நாயைக் குனிந்து பார்க்கிற நேரத்தில் மட்டும்தான் நான் அவன் முகத்தைப் பார்க்க முடியும், கத்த மாட்டான். அந்த முகம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது, அதை விட்டுவிட்டு ஏட்டு கேட்டார் என்று நேராகப் பார்க்கிற முகத்தை வரைந்துகொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். குனிந்த தலை, இமை மூடினாற்போல, நாயின் கழுத்தில் கை. நெற்றிப்பொட்டில் நிழலைக் கொஞ்சம் பச்சை கலந்து வைத்தேன், தோல் உயிரோடு வந்தது. கடைசியில் தாடி. அதையும் நாய் மாதிரியேதான், முதலில் இருட்டு, பிறகு ஓரத்தில் மட்டும் முடி.

அம்மா எழுந்து வந்து பின்னால் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். "போதும். இதுக்கு மேல கை வெக்காத" என்றாள். பிறகு படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். "பாத்துக்கிட்டே இருந்தா அவனுக்குப் பிடிக்காது."

நகல் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவையும் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். இது சரி என்று எனக்குத் தெரியும்.

கோபி


அல்வால்,
11 ஜூலை 2025

அக்கா,

புதிய போஸ்டருக்கு ஒரு போன்கூட வரவில்லை. ஆனால் வேறொன்று நடந்திருக்கிறது. நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

மெட்டுகுடாவில், அப்பா இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம், மதிலோரமாக வரிசையாக ஒட்டினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் முகம் இல்லை. முழுப் போஸ்டரையும் கிழிக்கவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி முகத்தை மட்டும் எடுத்திருக்கிறது. நாய் அப்படியே இருக்கிறது. நாயின் மேல் இருக்கும் கைகூட இருக்கிறது. ஒன்றில் மட்டும் இல்லை, அந்த வரிசை முழுக்க இப்படித்தான். பக்கத்தில் கோச்சிங் சென்டர் விளம்பரத்தில் பத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அவர்கள்மேல் ஒரு கீறலும் இல்லை. அங்கிருந்து தார்நாகா போகும் வழியில் பழைய போஸ்டர் நாலைந்தை முன்பே ஒட்டியிருந்தேன். அதில் என் முகத்தை ஒருவரும் சீண்டவில்லை.

மறுபடி ஒட்டினேன். மறுபடி முகம் போனது.

குறும்புக்கார எவனோ செய்திருக்கலாம். மாடு தின்றிருக்கலாம் என்கிறார் ஏட்டு. மாடு முகத்தை மட்டும் தின்னாது. அக்கா, அவன் உயிரோடு இருக்கிறான். நான் வரைந்தது அவன்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் கிழிக்கிறான்.

நான் ஒட்ட ஒட்ட அவனுக்குப் பயம் ஏறும். மெட்டுகுடாவையும் விட்டு ஓடிவிடுவான். ஒட்டாவிட்டால் இந்தத் தடமும் போகும். ஒளிந்திருந்து பிடிக்கலாம் என்கிறார் ஏட்டு, இரண்டு ஆள் தருகிறாராம். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நீ சொல்வதைத்தான் செய்வேன். இப்படி நான் உன்னிடம் எப்போதாவது சொன்னதுண்டா?

கோபி


போத்தனூர்,
15 ஜூலை 2025

கோபி,

போலீஸ் வேண்டாம். ஒளிந்திருந்து பிடிக்க அவன் என்ன திருடனா?

முகம் உள்ள போஸ்டரை எல்லாம் நீயே போய் எடுத்துவிடு. நீ எவ்வளவு பாடுபட்டு அந்த முகத்துக்கு வந்தாய் என்று எனக்குத் தெரியும். நகலை என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். ஆனாலும் எடு.

புதிதாக ஒன்று போடு. ஷண்டிங்கை மட்டும் வரை. பக்கத்தில் ஆள் உட்காரும் இடத்தைச் சும்மா விட்டுவிடு. அச்சடிக்காதே, கையால் வரைந்ததையே மாட்டு. 'காணவில்லை' வேண்டாம், நம்பர் வேண்டாம். "ஷண்டிங் நல்லா இருக்கு" என்று தமிழில் எழுது. அந்த மதிலில் தெலுங்கும் உருதுவும்தான் இருக்கும், தமிழைக் கண்டால் அவன் நின்று படிப்பான்.

லீவு சொல்லிவிட்டேன், முப்பதாம் தேதி வந்து சேருவேன். உன் நம்பரைத் திறந்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. படம் நன்றாக இருக்கிறது.

ஸ்டெல்லா


அல்வால்,
23 ஜூலை 2025

அக்கா,

நம்பரைத் திறந்தது தெரியும். இருந்தும் தபாலில்தான் எழுதுகிறேன், காரணம் கடைசியில்.

நீ சொன்னபடியே செய்தேன். முகங்களை எல்லாம் சுரண்டி எடுத்தேன். பசை நன்றாகப் போட்டிருந்தேன் போலிருக்கிறது, என் நகமும் போய்விட்டது. புதுப் படத்தில் நாய் மட்டும். பக்கத்தில் வெறும் தாள். அந்த வெறும் இடத்தை விடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது, தூரிகை தானாக அங்கே போகிறது. நாலு மூலைக்கும் டேப் போட்டு மதிலில் மாட்டினேன்.

முதல் நாள் அப்படியே இருந்தது. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் படம் இல்லை.

மழையில் விழுந்திருக்கலாம், குப்பை வண்டி வாரியிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே தேடினேன், சாக்கடையிலும் தேடினேன். பிறகு மதிலைப் பார்த்தேன். நாலு டேப்பும் சுவரில் இருக்கின்றன. மூலைக்கு ஒன்றாக இல்லை. பிரித்து எடுத்து, கீழே போடாமல், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நேராக ஒட்டி வைத்திருக்கிறது. ஒரு துணுக்குத் தாள்கூட அவற்றில் இல்லை. படத்தை ஒரு மூலையும் கிழியாமல் கொண்டுபோயிருக்கிறான்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் உடனே சோறு கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நாளையிலிருந்து ஷண்டிங்கைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மதிலடியில் உட்காரப் போகிறேன். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டேன். நாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், யார் வந்தாலும் நிமிர மாட்டேன். போனில் கேமரா இருப்பதால் அதை இன்றே அணைத்துவிட்டேன், வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறேன்; தபாலில் எழுதுவதும் அதனால்தான். செகந்திராபாத்தில் இறங்கி என்னைக் கூப்பிடாதே. ஆட்டோ பிடித்து நேரே மெட்டுகுடா வா. தூரத்திலேயே இறங்கிக்கொள். அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், மெதுவாக வா.

கோபி